ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம்

தாவூது மாமா இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிப் பிடித்தபடியே சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எதிரே ஸ்டூலில் இருப்பது தன் தங்கச்சி மகள் என்று கவனித்தார். உடனே சட்டையை அவசரமாக இறக்கிவிட்டார், காட்டக்கூடாத ஒருத்தியிடம் கையைக் காட்டிவிட்டது மாதிரி. முபீனா ஸலாம் சொன்னாள். மனசு ஒன்று நினைக்கும்போதே வாய் தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது. அவரும் பதில் சொன்னார். "இங்கதான் வேலையா?" என்றார். "ஆமா மாமா." "என்ன வேலை?" "ஊசி போட்டவங்களுக்கு ஏதாவது ஆகுதான்னு பாக்குறது." அவர் தலையை ஆட்டிவிட்டு, சுவரோரம் வரிசையாக இருந்த கை கழுவும் தொட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஏதாவது ஆகுதான்னு பாக்குறது. சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அவளுக்கே ருசித்தன. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூட இப்படி நாக்கில் தங்கியதில்லை. பாக்குறேன் மாமா. கண்ணை எடுக்காமல் பாக்குறேன். அரை மணி நேரத்துக்கு நீங்கள் எழுந்து போக முடியாது, நானும் வேறு பக்கம் திரும்ப வேண்டியதில்லை. உங்களை நேராகப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடும் முகாமுக்கு ஜமாஅத்தார் அந்தக் கல்யாண மண்டபத்தைக் கொடுத்திருந்தார்கள். முன்கூடத்தில் ஊசி, பின்னால் சாப்பாட்டுக்கூடத்தில் காத்திருப்பு. ஊசி போட்டதும் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது, அரை மணி நேரம் கண்ணெதிரே இருக்க வேண்டும். லட்சத்தில் ஒருவருக்கு உடம்பு ஏற்காமல் போகலாம், அப்படிப் போனால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும், அதற்கான மருந்து அவள் பக்கத்துத் தட்டில் தயாராக இருந்தது. முபீனா மருத்துவக் கல்லூரி ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவள். இந்த ஊசி எவ்வளவு பாதுகாப்பானது, எவ்வளவு வேலை செய்கிறது, அது எத்தனை காலம் நிற்கிறது என்று பார்க்கிற குழு. நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஏன் இதில் சேர்ந்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது, ஆர்வம் என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் பேச அவளுக்கு எப்போதும் கூச்சம். ஆனால் கூச்சம் உள்ளவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும். மாமாவின் தாடி ஓரத்தில் மருதாணிச் சிவப்பு வெளுத்து நரை எட்டிப் பார்ப்பது தெரிந்தது. சட்டைப் பையில் தஸ்பீஹ் மணி துருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. ஊசி போட்ட இடத்தை அவர் விரல் தேடித் தேடித் தடவுவது தெரிந்தது. தடவாதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்வாள். அவரிடம் சொல்லவில்லை. வலிக்கட்டும், கொஞ்சம்தானே.

முன்கூடத்தில் பிரிசில்லா சிஸ்டரின் குரல் கேட்டது. "கையைத் தளர விடுங்க ஹாஜியாரே, காளையா பிடிக்கப் போறீங்க? நான் ஊசிதான் போடப் போறேன், கொம்பால குத்தப் போறதில்ல." யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கும் சிஸ்டர்தான் போட்டிருப்பார். மாமா கண்ணை மூடியிருப்பாரா? பிஸ்மி சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார். முபீனாவுக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை, காலையில் வந்திருந்த பெயர்களில் அவர் பெயரைப் பார்த்ததிலிருந்து அந்த ஒன்று அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இந்த மனுஷர் ஏன் உண்மையான ஊசி போட்டுக்கொள்ள வந்தார்? இவருக்குத்தான் வேறு வழி தெரியுமே. அவள் அண்ணன் இர்ஷாதுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தபோது, ஹாஸ்டலில் சேர இதே ஊசி போட்டாக வேண்டும் என்று அந்தக் காலேஜ் எழுதியது. அத்தா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். அவர் கடைக்கு வருகிற எவனோ சொன்னானாம், அந்த ஊசி போட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும், அப்புறம் பிள்ளைகுட்டி பிறக்காது என்று. "ஒரே ஆம்பளப் புள்ள, சோதிச்சுப் பாக்குறதுக்கு எலியா?" என்றார். ஒரே நாளில் கிளினிக்கில் ஆளைப் பிடித்து, ஊசி போடாமலே போட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து, பிரியாணிப் பொட்டலத்தோடு சேர்த்து மேஜையில் வைத்தார். "குத்தாமலே வேலையை முடிச்சுட்டேன் பாத்தியா" என்று அண்ணன் முதுகில் தட்டினார். அண்ணனும் சிரித்தான், அவனுக்கு ஊசி என்றால் சின்ன வயசிலிருந்தே பயம். அம்மா இன்னொரு துண்டு கறி எடுத்து மாமாவின் தட்டில் வைத்தாள். எல்லோருக்கும் அன்று நல்ல பசி.

"ஏங்கண்ணு, இது போட்டா காய்ச்சல் வருமா?" என்று மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த பாத்துமுத்து என்ற அம்மாள் கேட்டாள். "சில பேருக்கு ஒரு நாள் வரும்மா. கை வலிக்கும், தலை வலிக்கும். தானாப் போயிடும்." "கை கால் இழுத்துக்கும்னு எங்க தெருவுல சொன்னாங்களே?" "யாரு சொன்னது?" "எவனோ ஒரு ஆம்பளதான். அவங்களுக்குத்தானே எல்லாம் தெரியும், நம்ம வீட்டு உலை கொதிக்கிறதுகூட அவங்களுக்குத்தான் தெரியும்." பாத்துமுத்து தன் பேச்சுக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள். முபீனா சிரிக்காமல் மாமாவைப் பார்த்தபடி, கொஞ்சம் சத்தமாகவே, "அப்படி யாருக்கும் ஆகலைம்மா. எத்தனையோ ஊர்ல, எத்தனையோ ஆயிரம் பேரைக் கூடவே இருந்து பாத்துட்டாங்க" என்றாள். மாமா கை கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயையா பார்க்கிறீர்கள்? பாருங்கள். அண்ணன் கடைசியாகப் பேசியபோது அவனுக்குப் பின்னாலும் ஒரு குழாய் தெரிந்தது, ஹாஸ்டல் குளியலறையில் நின்று போனில் முகம் காட்டினான், வெளியே பனி என்றான், மதியத்திலிருந்து காய்ச்சல் என்றான், கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றான். பேன்ட்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே காட்டினான். "பாரேன் முபீ, மூட்டைப்பூச்சி கடிச்ச மாதிரி." கருஞ்சிவப்புப் புள்ளிகள். அழுத்தினால் மறையாத புள்ளிகள், மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் இறங்கியதன் அடையாளம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். மூட்டைப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தடவு என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள். மறுநாள் போன் வந்தபோது பேசியது வார்டன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவனைப் பிழைக்க வைக்க எல்லாம் செய்தார்களாம். எல்லாம் என்றால் என்னென்ன என்று அம்மா கேட்கவில்லை. மாமாதான் உடலைக் கொண்டுவர அலைந்தார், மாமாதான் கபர்க் குழிக்குள் இறங்கினார், மாமாதான் வந்தவர்களிடமெல்லாம் "அவனோட விதி அவ்வளவுதான்" என்றார். விதி. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார், கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

இப்போது அவருக்கு விதி போதவில்லையா? தன் உயிர் என்றதும் விதிக்குப் பக்கத்தில் ஊசியும் தேவைப்படுகிறதா? அதுதான், அதுவாகத்தான் இருக்கும், வயசாகிவிட்டது, பயம், கூட்டத்தில் கிருமி வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அண்ணனின் உயிருக்குக் காகிதம் போதும், அவர் உயிருக்கு மருந்து வேண்டும். முபீனா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். கைகள் அமைதியாக இருந்தன, அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்று ஊசிக்கு முன்னால் மாமாவிடமிருந்தும் கொஞ்சம் ரத்தம் எடுத்திருப்பார்கள், ஒரு மாசம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள், இரண்டும் பெயரில்லாமல் வெறும் எண்ணாக அவள் மேஜைக்கு வரும். ரத்தத்தின் தெளிந்த நீரோடு உயிருள்ள கிருமியைச் சேர்த்துத் தட்டில் வளர விடுவாள். ஊசிக்கு முந்தைய ரத்தம் என்றால் தட்டு முழுக்கக் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். பிந்தைய ரத்தம் என்றால் தட்டு சுத்தமாக, கழுவித் துடைத்த தரை மாதிரி இருக்கும். முதல் முறை அப்படி ஒரு சுத்தமான தட்டைக் கையில் எடுத்தபோது அவள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். இதுவரை எத்தனை சுத்தமான தட்டு, ஒவ்வொன்றும் யாரோ முன்பின் தெரியாதவரின் உயிர், அவற்றில் ஒன்றுகூட அண்ணனுடையது இல்லை. இனி மாமாவின் ரத்தமும் கிருமியைக் கொல்லக் கற்றுக்கொண்டுவிடும். அம்மா வழி ரத்தம், அண்ணனுக்கும் அதேதான், அதுவும் கற்றுக்கொண்டிருக்கும், ஊசி மட்டும் போட்டிருந்தால். ஒன்று ஆகட்டும் இவருக்கு, என்று அவள் நினைத்தாள். பெரிதாக வேண்டாம். இல்லை, பெரிதாகவே ஆகட்டும். ஊசியின் பாதுகாப்பைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறவள் ஊசி ஒருவரையாவது அடிக்கட்டும் என்று கேட்கிறாள், அல்லா, இது என்ன துஆ, ஆனாலும் கேட்கிறேன்.

கேட்டது நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மாமாவின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. முகத்தின் நிறம் மேலிருந்து கீழாக வடிந்தது, சாம்பல் தட்டிவிட்டது. அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார், பிடி நழுவியது. "என்னமோ மாதிரி இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். முபீனாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். கழுத்தில் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சில் விசில் கேட்கிறதா என்று கேட்க வேண்டும், நாடி பிடிக்க வேண்டும், சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். எல்லாம் தெரிந்தும் ஸ்டூலிலேயே இருந்தாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. தட்டில் இருந்த மருந்துக் குப்பி வெளிச்சத்தில் மினுங்கியது, அதன் கண்ணாடி எவ்வளவு மெல்லிசு என்று ஏனோ தோன்றியது. அழுத்தினால் மறையாத புள்ளி ஒன்று, ஒன்றே ஒன்று, இவர் கழுத்தில் வராதா? வார்டனின் குரல் ஏன் அவ்வளவு மரியாதையாக இருந்தது? பாத்துமுத்து "ஏய் பொண்ணு, ஹாஜியார் சாயுறாரு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு முபீனா எழுந்தாளா, அவள் எழுந்த பிறகுதான் பாத்துமுத்து கத்தினாளா, முபீனாவுக்கே தெளிவில்லை. அவரைத் தாங்கிப் பெஞ்சில் படுக்க வைத்தாள். கழுத்தில் தடிப்பு இல்லை. மூச்சு சீராக இருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். ஒவ்வாமை என்றால் நாடி ஓடும். இந்த நாடி நடந்தது, மெல்ல, சோம்பலாக, மதியத் தூக்கம் மாதிரி. வெறும் மயக்கம். அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று சப்பென்று கீழே உட்கார்ந்தது. அது ஏமாற்றம்தான், வேறு பெயர் வைத்து அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

"காலைத் தூக்கிப் பிடி முபீனா" என்று வாசலிலிருந்தே பார்த்துவிட்டு வந்தார் பிரிசில்லா சிஸ்டர். குனிந்து மாமாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். "ஹாஜியாரே, காலையில என்ன சாப்பிட்டீங்க?" மாமாவின் உதடு அசைந்தது. "ஒண்ணும் சாப்பிடல. ரத்தம் எடுப்பாங்க, ஊசி போடுவாங்கன்னு வெறும் வயித்தோட வந்தேன்." "நல்லா வந்தீங்க! சர்க்கரை பாக்கவா கூப்பிட்டோம்? இந்த ஊர்ல ஊசின்னாலே பட்டினி கிடக்கணும்னு யாரு சட்டம் போட்டா? கொஞ்சம் படுங்க, டீயும் பன்னும் அனுப்புறேன். உனக்குப் பயமில்லையே முபீனா?" இல்லை என்று தலையாட்டினாள். சிஸ்டர் போனார். பாத்துமுத்துவும், என் பையில் வாழைப்பழம் இருக்கு எடுத்துட்டு வர்றேன் என்று முன்கூடத்துக்குப் போனாள். முபீனா மாமாவின் இரண்டு பாதங்களையும் தன் வயிற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதங்கள் சில்லென்று, எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தன. குதிகாலில் வெடிப்பு. இந்தக் கால்கள்தான் அந்தக் கிளினிக்குக்கு நடந்தன. இந்தக் கால்கள்தான் கபருக்குள் இறங்கின. இப்படியே விட்டுவிட்டால்? விடவில்லை. கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், ரத்தம் தலைக்குப் போகட்டும், தெளிவாக இருக்கட்டும், இவர் மயக்கத்தில் இருந்து அவளுக்கு என்ன லாபம்?

"புள்ள காலைப் பிடிக்கிறதாவது, விடு" என்று மாமா இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "ஆடாம இருங்க மாமா." அவர் ஆடாமல் இருந்தார். நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தபடி, "போன வாரம் வீட்டுக்கு வந்தேன். நீ ரூமை விட்டு வெளியே வரல" என்றார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரத்தோடுதான் போக வேண்டும் என்பார்கள். மாமா வந்தார், அம்மா ஒரே வார்த்தையில் மன்னித்துவிட்டாள், சேமியா காய்ச்சிக் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று முபீனா எல்லாம் கேட்டாள். அதே வாக்கியத்தைத்தான் மாமா இப்போதும் சொன்னார், எல்லா வீட்டிலும் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். "தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுக்க." "எதுக்கு?" "எல்லாத்துக்கும்தான்." "எல்லாத்துக்கும் என்கிட்ட இல்ல மாமா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதைச் சொல்லிக் கேளுங்க." தன் குரலா இது என்று இருந்தது அவளுக்கு. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கத் தயங்குகிறவள். மாமாவின் விரல்கள் சட்டைப் பையில் இருந்த தஸ்பீஹ் மணியைத் தேடின. அதைப் பிடித்தபடி, "இர்ஷாத்" என்றார். அந்த வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் அந்தப் பெயரை அவர் முன்னால் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. "பொய்ச் சீட்டோட ஹஜ்ஜுக்குப் போகக் கூடாதுன்னுதான் இன்னைக்கு வந்தேன்" என்றார். "பொய்ச் சீட்டோட ஹாஸ்டலுக்கு மட்டும் போகலாமா?" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு கேட்டார். "நீ படிச்சவ. இதுலயே இருக்கவ. சொல்லு. அன்னைக்கு அவனுக்கு இதைப் போட்டிருந்தா, இருந்திருப்பானா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் படித்தாள், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள், பதிலைக் கத்தி மாதிரி தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். ஆமா. ஒரே சொல். இருந்திருப்பான், கல்யாணம் ஆகியிருக்கும், அம்மாவுக்கு சர்க்கரை வந்திருக்காது, ஆமா மாமா, நீங்கள்தான். வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரி அனுப்பிய அறிக்கையை அவள் பிற்பாடு வரி வரியாகப் படித்திருந்தாள். அவசரத்தில் கிருமியைக் கொல்லும் மருந்தை முதலில் ஏற்றிவிட்டார்கள், அதனால் பிறகு எடுத்த ரத்த மாதிரியில் கிருமி வளரவில்லை, அது எந்த வகைக் கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை. இந்த ஊசி நான்கு வகையைத் தடுக்கும். தடுக்காத வகையும் உண்டு. தடுக்கும் வகையிலும் நூற்றுக்கு நூறு என்று எந்த ஆய்வும் சொல்லாது, அவளுடைய தட்டுகளிலேயே எப்போதாவது ஒன்று சுத்தமாகாமல் முளைத்து நிற்கும், அதை மறைக்காமல் எழுதுவதுதான் அவள் வேலை. இந்த ஒரு தடவை பொய் சொன்னால் என்ன? பொய்யால் வந்ததுக்குப் பொய்யால் ஒரு அடி. ஆனால் பொய் சொன்னால் அவளும் அந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்துவிடுவாள், இந்த மனுஷருக்குப் பக்கத்து நாற்காலியில், அதை நினைக்கவே உடம்பு கூசியது. அதோடு இன்னொன்றும் தோன்றியது, மெதுவாக, குளிர்ந்து. ஆமா என்றால் இவர் அழுவார். அழுதால் முடிந்துவிடும். தெரிந்த பாவத்துக்கு ஹஜ்ஜில் தொழுது அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெளுத்த துணி மாதிரி திரும்பி வந்துவிடுவார்.

"தெரியாது" என்றாள் முபீனா. அவர் முகம் இளகியதை, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்ததை, அல்ஹம்து என்று உதடு இறைவனுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்ததை அவள் பொறுமையாகப் பார்த்தாள். முடிக்க விடவில்லை. "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போறதில்ல. இருந்தும் இருப்பான், போயும் இருப்பான். பெரும்பாலும் இருந்திருப்பான், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். நான் தினமும் அதோடதான் தூங்குறேன். இப்ப நீங்களும்." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சது ஒண்ணுதான். இதனால என்னமோ ஆயிடும்னு பயந்தீங்களே, அது ஆகல. கை இழுக்கல, கால் இழுக்கல. பசி மயக்கம், அதுவும் ஊசியால இல்ல. ஒரு அரை மணி நேரம் அவனையும் இப்படி உக்கார வச்சிருக்கலாம்" என்றாள். அவர் கண்ணோரத்தில் ஈரம் சேர்ந்து காதுப் பக்கம் இறங்கியது. "மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உங்கம்மா சொல்லிட்டா" என்றார். "அது அம்மாவோட மன்னிப்பு" என்றாள். பாதங்களைக் கீழே இறக்கினாள், ஒன்றன்பின் ஒன்றாக, நோகாமல். டீ வந்தது, பன் வந்தது, பாத்துமுத்துவின் வாழைப்பழமும் வந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி எல்லாவற்றையும் சாப்பிட்டார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வதை அவள் அவரிடமும் சொன்னாள். நேரம் முடிந்துவிட்டது, போகலாம். ஒரு வாரத்துக்குத் தினமும் சாயங்காலம் ஆய்விலிருந்து போன் வரும், நீங்கள் போய் வந்த பிறகும் வரும், உடம்புக்கு ஏதாவது ஆச்சா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "யாரு பேசுவாங்க?" என்றார் மாமா, சுவரைப் பிடித்து எழுந்தபடி. "நான்தான்." அவர் நின்றார். ஒவ்வொரு சாயங்காலமும் இந்தக் குரலிடம் ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் முகத்தில் ஏறுவதை அவள் பார்த்தாள். அப்போது மட்டும் லேசாகச் சிரித்தாள், கூச்சத்தோடு, எப்போதும் போல.

"நம்பர் அதேதானே மாமா?"